அண்ணா, அந்த ஃபைல் காலியாக இருந்தது

எந்நேரமும் மடிக்கணினியும் கையுமாக இருந்த என் அண்ணனுக்கு,

ஃபைல் இருந்தது. பெயரும் சரியாக இருந்தது. அளவு என்று காட்டும் இடத்தில் மட்டும் பூஜ்யம். அதைத்தான் முதலில் பார்த்தேன். திறந்தேன். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

இதை நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் எழுதுகிறேன். மடியில் எருமப்பட்டிக் கோழிப்பண்ணையின் பெட்டி, சூடு ஏறினால் தானே தண்ணீர் தெளிக்க நீ செய்து கொடுத்ததுதான். வீட்டில் உட்கார முடியவில்லை. இங்கேயும் முடியவில்லை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எழுந்து உட்காருகிறேன். பக்கத்து சீட்டில் இருக்கிற ஒரு அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார், "எங்க சாமி எறங்கோணும்?" என்று.

எழுதி முடித்ததும் நெட்டில் உன் லைப்ரரி இருக்கிற பக்கத்திலேயே இதைப் போடுவேன். அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் படிக்க வேண்டும். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. செட்டிங்ஸ் ஃபைலைப் படித்து, மாற்றினால் திருப்பி எழுதி வைக்கிற, யாரும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளக்கூடிய சின்ன லைப்ரரி ஒன்றை நீ செய்தாய் என்பது மட்டும் தெரியும். நீ போய் ஏழு மாதம் ஆனது தெரியாது. போன வாரம்கூட ஒருவர் நன்றி எழுதியிருந்தார்.

சோதித்துப் பார்க்க உனக்குக் கெட்ட ஃபைல்கள் வேண்டும். அதற்கு என்னைப் பிடித்தாய். "நீ பத்தாவதோட நின்னவ, உனக்குத்தான் தப்பு நல்லா வரும்" என்று சீண்டுவாய். நானும் சளைக்கவில்லை. எண் கேட்ட இடத்தில் 'முப்பது' என்று எழுதினேன். ஒரே வரியை இரண்டு தடவை போட்டேன். எல்லாவற்றையும் என் பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தாய். ஆட்கள் முன்னால் வாயே திறக்காதவளுக்கு அது பெரிய விஷயம், அண்ணா.

ஒருநாள் ஒன்றுமே எழுதாமல் ஒரு ஃபைலைக் கொடுத்தேன். "இது வந்தா என்ன பண்றது?" என்று என்னையே கேட்டாய். "பாவம், புதுசா ஆரம்பிக்கறவங்களா இருக்கும். திட்டாத. நீயே ஏதாவது ஒரு எண்ண வச்சு ஓட்டிரு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினாய். ஞாபகம் இருக்கிறதா?

போன வாரம் பண்ணைக்கார மாமா பெட்டியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் முப்பத்திமூன்று டிகிரி வந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அன்றைக்கு மதியம் தெளிக்கவில்லை. ஒரு வரிசைக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு செத்துவிட்டன. "உங்க பையன் பெட்டி மேல குத்தமில்லீங்க" என்று அம்மாவிடம் சொன்னார். "அந்தச் சரசுதான் தொடைக்கறேன்னு எதையோ அமுக்கியிருப்பா. வேலைய விட்டு நின்னுக்கன்னு சொல்லிப்போட்டேன். இன்னும் ஒரு வாரந்தான் வருவா."

பண்ணையில் வேலை செய்கிற சரசக்கா அவரோடு வந்து வாசலிலேயே நின்றிருந்தார். "நான் தொடவே இல்லீங்க, நம்புங்க" என்று அவரைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். எதற்கு என்னைப் பார்த்தார்?

கிளம்பும்போது மாமா வேறொன்றும் சொன்னார். "மொத நாள் சாயந்தரம் லைட்டு நேரத்த மாத்தி அமுக்கினேன், அப்பவே கரண்டு போயிருச்சு. அப்பக்கூட நல்லாத்தானே இருந்துச்சு."

அவர்கள் போனதும் பெட்டியின் மெமரி கார்டை உன் மடிக்கணினியில் போட்டேன். பூஜ்யம். அதே கார்டில் செட்டிங்ஸை மறுபடி எழுதி, பெட்டியை நம் வீட்டு பிளக்கில் மாட்டி, விளக்கு நேரத்தை மாற்றிச் சேமிக்க அமுக்கிய நொடியே பிளக்கைப் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி பிடுங்கினேன். நான்காவது தடவை ஃபைல் காலி.

பெட்டிக்குள் ஓடுகிற உன் லைப்ரரியைத் திறந்து பார்த்தேன். பழையதை முதலில் அழிக்கிறது, பிறகுதான் புதியதை எழுதுகிறது. நடுவில் கரண்டு போனால் இரண்டும் இல்லை. மறுபடி கரண்டு வந்ததும் காலி ஃபைலைப் படித்து, யாரையும் திட்டாமல், நாற்பது டிகிரி வந்தால்தான் தெளிக்க வேண்டும் என்று தானாக வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. முதல் தப்பு உன்னுடையது. இரண்டாவது என்னுடையது. கரண்டு எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இருந்துகொண்டு நாம் இரண்டு பேரும் இதை எப்படி யோசிக்காமல் விட்டோம்?

அம்மாவிடம் சொன்னேன். "செத்துப்போன பையன் பேர நீயே கெடுப்பியா? கம்முனு இரு சாமி" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் அழுதார். நானும் கம்மென்று இருந்தேன். நான்கு நாள் இருந்தேன், அண்ணா. அந்த நான்கு நாளும் சரசக்கா என்ன நினைத்துக்கொண்டு கோழிக்குத் தீனி போட்டிருப்பார்?

பிறகு என்ன தப்பு என்று உன் லைப்ரரியின் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிவிட்டேன். யாரோ ஒருவர் உடனே பதில் போட்டார்: புதியதை வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்து, பிறகு பழையதன் இடத்தில் வைக்க வேண்டுமாம். இன்று காலை அதைப் போட்டு முப்பது தடவை பிளக்கைப் பிடுங்கினேன். தாங்குகிறது. காலி ஃபைல் வந்தால் இனி நின்று கத்தும். அதை நானே மாற்றினேன். எங்கே தப்பாகத் தொட்டிருப்பேனோ என்று இன்னும் பயமாக இருக்கிறது. நீ இருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாய்.

இனி உன் லைப்ரரியில் தப்பு தெரிந்தால் அன்றைக்கே சொல்வேன், அண்ணா. உன் பெயரைச் சொல்லும் இடத்தில் என் பெயரையும் சேர்த்துச் சொல்வேன். உன்னைத் தனியாக விடமாட்டேன்.

நாமக்கல் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். சரசக்காவையும் இருக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"அவ எதுக்கு?"

"அவங்க முன்னாடிதானுங்க சொல்லோணும்" என்று சொல்லிவிட்டு எருமப்பட்டி பஸ்ஸில் ஏறினேன்.

உன் ஒரே தங்கச்சி