முதலில் கியரைப் பார்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று கம்பெனியின் ஆட்டோமேட்டிக் கியர் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் மகன் என்ற பவுசில் பேட்டரி வரை கழற்றிவிட்டேன். சமையற்கார அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, கியர் பார்க்கிங்ல இல்லாம இது எப்படி ஸ்டார்ட் ஆகும்?" என்றார். கூட வேலை செய்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் போன வேகத்தில், "எங்கப்பா சொல்லிக் கொடுத்தது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டேன்.

சாவி திருகுமுன் கியரை ஆட்டிப் பார் என்று தினமும் சொன்னவர் நீங்கள். மறந்தவன் நான். உடம்பே கூசுகிறது அப்பா. இன்று எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

அடுத்த முறை பேசும்போது, போனைப் பக்கத்தில் வைத்து உங்கள் பைக்கை ஓர் உதை உதைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தச் சத்தம் கேட்க வேண்டும். கால் வலித்தால் வேண்டாம், என்னைத் திட்டினாலே போதும்.

வேனில் ஹாரன் அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் பெயரைக் கெடுத்த
சின்னவன்