டாலன் ஓடைக்கு எச்சரிக்கை இல்லை

பெண்டிகோ,
29 நவம்பர் 2003

அன்புள்ள பிரான்வினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் டரிலும் சின்னவளும் நலமாக இருக்க வேண்டும். எலுமிச்சை மரம் இந்த வருஷமும் என்னை ஏமாற்றிவிட்டது. போனில் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்தேன். கிரிக்கெட் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அலுவலக மெயிலில் இதை எழுதவும் முடியாது. அதனால்தான் கடிதம், சிரிக்காதே.

போன ஜனவரியில் காட்டுத்தீ வந்தபோது எங்கள் அலுவலகத்தின் தீ எச்சரிக்கை இணையப் பக்கம் நாற்பது நிமிஷம் திறக்கவே இல்லை, ஞாபகமிருக்கிறதா? கூட்டம் தாங்காமல் சர்வர் படுத்துவிட்டது. ஒரு அம்மாள் எனக்கே போன் செய்து, 'நாங்க கிளம்பணுமா, இருக்கணுமா, அத மட்டும் சொல்லுங்க' என்று அழுதாள். எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது சர்வர் மென்பொருளைப் புதிதாக மாற்றுகிறோம். அதில் த்ரெட் முறை என்று ஒன்று. பழைய முறையில் கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் தனி ஆள், தனி மேசை. கூட்டம் வந்தால் இடம் போதாது. த்ரெட் முறையில் ஒரே மேசையைச் சுற்றிப் பல பேர், அதனால் தாங்கும். ஆனால் ஊர்ப் பெயரை வைத்து எச்சரிக்கையைத் தேடுகிற எங்கள் புரோகிராம் பழசு. பெயரைக் குறித்துக்கொள்ள அதனிடம் இருப்பது ஒரே சீட்டு. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அழித்து எழுதிவிடலாம்.

அதுதான் நடந்தது. சோதனையில் லட்சம் தடவை கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, மேலே டாலன் ஓடை என்று பெயர், கீழே வேறொரு ஊரின் பதில்: எச்சரிக்கை இல்லை. கடவுளே, உன் ஊர்தானா அகப்பட வேண்டும்! மூன்று நாள் முயன்றும் மறுபடி வரவில்லை.

எங்கள் மேலாளர் நொலீன் சிரித்தாள். 'தூக்கத்துல பாத்தியா, லீத்? போன ஜனவரி மாதிரி பக்கமே திறக்கலன்னா நீயா போய் பதில் சொல்லுவ?' என்றாள். திறக்காத பக்கம் பொய் சொல்லாது என்றேன். 'அப்ப இன்னொரு தடவை வரவச்சுக் காட்டு' என்றாள். முடியவில்லை. புரோகிராமைத் திருத்த மூன்று மாதம் ஆகும், டிசம்பரில் தொடங்கும் கோடை காத்திருக்காது. அந்த அம்மாளின் அழுகையை நினைத்தேன். நேற்று, த்ரெட் முறைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

திங்கட்கிழமை மாற்றுகிறோம். வியாழக்கிழமை நாற்பத்திரண்டு டிகிரி, தீயை விரட்டும் வறண்ட வடக்குக் காற்று என்கிறார்கள். உங்கள் தெருவிலிருந்து வெளியே போக ஒரே சாலை. 'எங்கப்பா பாத்துக்கற பக்கம், அது சொன்னா கிளம்பினா போதும்' என்று பதினோரு வீட்டுக்கும் நீ சொல்லி வைத்திருக்கிறாய். ஃப்ரிட்ஜில் அந்த முகவரியை ஒட்டியிருப்பதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை!

அதைக் கிழித்துப் போடு. வியாழன் காலையிலேயே சின்னவளையும் நாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிடு. டரில், 'தொட்டி நிறைய தண்ணி இருக்கு, நான் இருந்து பாத்துக்கறேன்' என்பான். அவனையும் இழுத்து வா. தீ வராவிட்டால், பயந்தாங்கொள்ளிக் கிழவன் என்று வாழ்நாள் முழுக்கக் கேலி செய்யுங்கள்.

பதினோரு வீட்டிலும் சொல். என் பெயரைச் சொல்லியே சொல். வேலை போனால் போகட்டும்.

அன்று எனக்கு அலுவலகம். சாவி வழக்கமான இடத்தில் இருக்கும். எல்லாரும் நல்லபடியாக வந்து சேருங்கள். உள்ளே வந்ததும் முதலில் எனக்கு ஒரு போன் செய், கண்ணே. டாலன் ஓடைக்கு எச்சரிக்கை இல்லை என்று என் திரையில் வந்தால், என்னால் அதை நம்ப முடியாது.

உன் அப்பா,
லீத்