நான்காவது திரையில் ஒரு வீடு

ஹம், ஜெர்மனி, ஒக்டோபர் 2006, ஞாயிறு

இன்று பழைய கணினிச் சந்தையில் காசு போட்டு ஆடும் அந்த விளையாட்டு இயந்திரத்தைக் கண்டேன். அகதி முகாமில் இருந்த காலத்தில் நண்பன் செல்வமும் நானும் ஸ்டேஷனில் இருந்த இம்பிஸ் சிற்றுண்டிக் கடையில் பார்த்துப் பார்த்து, எங்களிடம் இருந்த சின்னக் கணினிக்கான நிரலாக மாற்றி எழுதியது இந்த விளையாட்டைத்தான்.

அதில் ஒருவன் நாய்களுக்குத் தப்பி ஓடிக்கொண்டே இருப்பான். அந்தக் கடையில் எவரும் மூன்றாவது திரையைத் தாண்டியதில்லை. முடிவு தெரியாமல் எப்படி எழுதுவது? எங்கள் அகதி மனுவுக்கே அப்போது முடிவு வரவில்லை. அதனால் நான்காவது திரையில் நாங்களாகவே ஒரு வீடு வைத்தோம். மிஞ்சிய நினைவகத்தில் ஒரு கதவும் மஞ்சள் யன்னலும்தான் அடங்கின. அவன் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொள்ளும்.

இன்று ஒரு ஜெர்மன்காரர் மூன்று திரைகளையும் சுலபமாகத் தாண்டினார். வீடு வரவில்லை. முதல் திரையே திரும்ப வந்தது, நாய்கள் மட்டும் இன்னும் வேகமாக. காசு போட்டவனை இப்படியா ஏமாற்றுவது?

வீட்டுக்கு வந்ததும் கனடாவில் இருக்கும் செல்வத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"வீடே இல்லையோ?" என்றான்.

"இல்லையடா. திரும்பவும் முதல்ல இருந்து ஓட வேணும்."



"நல்ல காலம் மச்சான், எங்கட ஆளை நாங்கள் உள்ள விட்டிட்டம்."