இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள பெட்டி

கணவன் வளவன் முதல் ஷிஃப்ட் முடிந்து கைலாசபுரத்திலிருந்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வர மூன்று மணி ஆகும். அவனோடு பேசிப் பத்து நாளாகிவிட்டதால், நித்திலா காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினாள்.

"ரசம் அடுப்பு மேல இருக்கு. உப்பு நீங்களே பாத்துக்குங்க. நாலு மணிக்கு சிலிண்டர் வரும். வெளியே போனா சாவியைக் கீழ்வீட்டு சுராயாகிட்ட குடுத்துட்டுப் போங்க."

பேனா நின்றது. கூடத்து மூலையில் அவளுடைய பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி உடைந்து கிடந்தது. ஆறு வருஷமாக ஒவ்வொரு கல்யாணக் கச்சேரிக்கும் அதை மூன்று மாடி இறக்கியவர்கள் அவர்கள் இருவரும்தான். அவன் பின்பக்கமாகவே இறங்கி, திருப்பத்துக்குத் திருப்பம் "மெல்ல, மெல்ல" என்பான். பத்து நாளைக்கு முன்பு பாதிப் படியில் கையை எடுத்துவிட்டான்; பெட்டி உருண்டு விழுந்தது. "இனிமே உன் பெட்டிய நீயே தூக்கிக்க" என்றான்.

"தில்லை நகர் கடைக்குப் பெட்டி வாங்கப் போறேன். சின்னதா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். மேல ஒரே கைப்பிடி. நான் தனியாவே தூக்கிடுவேன்."

சீட்டின் மேல் உப்பு ஜாடியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். பிறகு செருப்போடேயே திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"பெரிசு ஒண்ணும் இருக்கு. வாசிச்சா சத்தம் நெஞ்சுல வந்து உட்காருது. ரெண்டு பக்கமும் கைப்பிடி. கடை மூட எட்டு மணி ஆகும். அதுவரைக்கும் எதையும் வாங்காம அங்கயே உட்கார்ந்திருப்பேன்."