இடம் வலம் மாறிய ஊர்

அண்ட்வெர்ப், 1572

அக்டோபர் 3
தம்பி லீவன் குடியிருக்கும் ஊரின் வரைபடம் இன்று அச்சேறியது. தாளைப் பார்த்ததும் முதலாளி ஹைபிரெக்ட் கத்தினார்: "மெக்டெல்ட், கண்ணு பொடனியிலயா இருக்கு? தகட்டுல திருப்பிச் செதுக்கணும்னு எத்தனை தடவ சொல்றது!" வரைந்ததை அப்படியே செதுக்கிவிட்டேன். தாளில் தெருவே இடம் வலம் மாறி நிற்கிறது. வாங்குகிறவன் எவன் அங்கே போய்ப் பார்க்கப் போகிறான்?

அக்டோபர் 9
ஸ்பானியப் படைத்தலைவன் பட்டறைக்குள் நுழைந்தான். லீவன் ஸ்பெயினை எதிர்க்கும் கலகக்காரர்களின் துப்பாக்கிகளை ஒளித்து வைத்திருக்கிறானாம். சுவரிலிருந்த படத்தைப் பிய்த்து, வீட்டைக் காட்டு என்றான். மறுத்தேன். அச்சடிக்கும் யோரிசின் வலது கையை அச்சு உருளைக்கு அடியில் கொடுத்துச் சுற்றவைத்தான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. "காட்டித் தொலையேன் தாயே!" என்று அலறினார் யோரிஸ்.

காட்டினேன். "மாதா கோயில் தாண்டி வலப்பக்கம், முதல் வீடு." தாளில் அது லீவன் வீடுதான். நிஜத்தில் அவன் வீடு இடப்பக்கம். நான் பொய் சொல்லவில்லை.

இல்லை, சொன்னேன்.

அக்டோபர் 10
நிஜத்தில் வலப்பக்கம் இருப்பது தச்சர் பாவெல்ஸ் வீடு. அவரும் மனைவி டிங்னாவும். அங்கே யாரும் இல்லாமல் இருக்கட்டும்.

அக்டோபர் 12
லீவன் தப்பி வந்தான். உடம்பெல்லாம் கரி.

"பாவெல்ஸ் அண்ணன நான்னு நெனச்சு இழுத்துட்டுப் போயிட்டானுங்கக்கா. பல்லையெல்லாம் ஒடச்சுட்டானுங்க. கூரைக்குத் தீ வச்சானுங்க. டிங்னா உள்ளதான் இருந்தா. அந்த வீட்டுக்கு எப்படிப் போனானுங்க?"

படத்தைக் கொடுத்தேன். தாளைத் திருப்பி, பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அப்படிப் பார்த்தால்தான் தெரு சரியாக நிற்கும்.

"தெரிஞ்சுதான் காட்டினியா?"

"தெரிஞ்சுதான்டா. நீ சாகக்கூடாதுன்னுதான்."

மேசையை எட்டி உதைத்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதான். தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டான்.

அக்டோபர் 14
பாவெல்சுக்குச் சனிக்கிழமை தூக்கு என்று அறிவித்துவிட்டார்கள். லீவன் நேராகப் படை முகாமுக்கே போய், "லீவன் நான்தான். அவர விடுங்கடா" என்றானாம்.

அக்டோபர் 18, சனி
இரண்டு பேரையுமே தூக்கிலிட்டார்கள். லீவனின் கால்கள் வெகுநேரம் உதைத்துக்கொண்டிருந்தன. பாவெல்சிடம் அந்தத் தெம்பும் இல்லை. பாவிகளா — ஒருத்தரையாவது விட்டிருக்கக் கூடாதா? நான் வாயை மூடிக்கொண்டு செத்திருக்கக் கூடாதா?

அக்டோபர் 27
படைத்தலைவனின் ஆள் வந்தான். படம் ரொம்ப உதவியாக இருந்ததாம். சுற்றியுள்ள மற்ற ஊர்களின் படங்களும் வேண்டுமாம். நாளை வந்து எடுத்துக்கொள்வானாம்.

மதியம் ஊர்த் தகடுகள் ஒன்பதையும் பாவாடையில் கட்டிக்கொண்டு போய் ஆற்றில் போட்டேன். திரும்பி வந்ததும் முதலாளி செவிட்டில் அறைந்தார். மிச்சமிருந்த தாள்களை யோரிஸ் இடது கையால் அள்ளி அள்ளி அடுப்பில் போட்டார்.