கறந்த பிறகு செவலை நிற்கட்டும்

மார்ச் 4
கன்று போட்டதிலிருந்து செவலை இளைத்துக்கொண்டே வருகிறது. பால் மட்டும் குறையவில்லை. பேத்தி போனில் சொன்னாள்: "பாட்டி, தீவனத்துல கொழுப்புத் தூள் கலந்து போடுங்க. கறக்கிற மாட்டுக்குத் தெம்பு." மாட்டுத் தீவனம் பற்றியே படிக்கிற பிள்ளை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்தில் பிழை இருக்கும், என் பேத்தி சொல்லில் இருக்காது.

மகன் தன் மகளையே கேலி பண்ணுகிறான். "கொழுப்பு மாட்டுக்கா, உன் பேத்திக்கா?"

ரெண்டு பேருக்கும் இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 6
செவலை தூளை மோந்து பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. மகன் ஒரு வழி பண்ணினான். கறக்க உட்காரும்போதே தீவன வாளியை முன்னால் வைத்தான். கறக்கிற சுகத்தில் தின்றுவிட்டது. கெட்டிக்காரன், என் பிள்ளையாச்சே.

மார்ச் 15
பின்பக்கம் ஒரு காம்பு, மடியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. தொட்டால் சுடுகிறது, மாடு உதைக்கிறது. பால் திரிதிரியாக வருகிறது. ஐயோ, மடிநோய்.

மகன் போனில் மகளிடம் கத்தினான். "எல்லாம் உன் தூளால வந்தது. படிச்சுக் கிழிச்சது போதும்!" அவள் போனை வைத்துவிட்டாள். காம்பு செத்தால் செவலையை விற்றுவிடுவானாம். மாட்டுக்கு அழறதா, பேத்திக்கு அழறதா? ஒருவேளை அவ சொன்னது தப்போ — சீ, என்ன நினைப்பு இது.

மார்ச் 16
மாட்டு டாக்டர் அம்மா வந்து ஊசி போட்டு, காம்புக்குள் மருந்து ஏற்றினார். மகன் தூள் மூட்டையைக் காட்டினான். அவர் அதைப் பார்த்துவிட்டு, "கறந்ததும் மாடு என்ன பண்ணும்?" என்றார்.

மருமகள் சொன்னாள்: "முன்னெல்லாம் கறந்த பிறகுதான் தீவனம். நின்னு திங்கும். இப்பதான் கறக்கும்போதே தின்னு முடிச்சிடுதே, உடனே படுத்துக்குது."

"இந்த ஈரத்துலயா?"

அதிலேதான். சாணியும் மூத்திரமுமாக.

கறந்ததும் காம்பின் வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருக்குமாம். அது மூடுகிறவரை மாடு நிற்கணுமாம். "தூள் மேல குத்தமில்லைங்க. வச்ச நேரம்தான் தப்பு. கொஞ்சங்கொஞ்சமா கலந்தா வாசம் பழகிடும்."

மகன் தூள் மூட்டையைத் தூக்கிப் பழையபடி உள்ளே வைத்தான். அவ்வளவுதான்.

மார்ச் 17
கெட்டிக்காரன் என்று எழுதினதை அடிக்கப்போவதில்லை. நல்லதுக்குத்தானே செய்தான்.

மார்ச் 22
வீக்கம் வடிகிறது. மருந்துப் பாலைத் தனியாகக் கறந்து கொட்டுகிறோம். டாக்டர் அம்மா கை நல்லா இருக்கணும். பளிச்சென்று பதில் சொன்ன என் மருமகள் வாயும் நல்லா இருக்கணும், சில நாள் அது என்னிடம் நீண்டாலும்.

பேத்தி என்னிடம் பேசுகிறாள். அப்பனிடம் இல்லை.

மார்ச் 30
அந்தக் காம்பிலும் பால் வெள்ளையாக வந்தது!

கறந்து முடித்துத்தான் மகன் வாளியை வைத்தான். தூள் வாசம் பழகிப்போய், செவலை நின்றபடியே சவக் சவக்கென்று தின்றது. அவன் மகளுக்குப் போன் போட்டான். அவள் எடுத்ததும் போனை மாட்டின் வாய்ப்பக்கம் நீட்டினான்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "நின்னுதானே திங்குது, அப்பா?"

"நின்னுதாம்மா. மூட்டை தீரப்போகுது... இன்னொண்ணு வாங்கணும். எவ்வளவு கலக்கலாம்னு நீயே சொல்லு."