மாதத்தில் இரண்டு நாள்

ஹைல்ப்ரான் அருகே, நவம்பர் 9, ஞாயிறு

அன்பு மகள் ரோன்யாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே அப்பா, தாத்தா, நான் மூவரும் நலம். தாத்தாவின் முழங்காலும் நம் இறைச்சிக்கடைக் குளிர்பெட்டியும் மட்டும் முனகிக்கொண்டிருக்கின்றன, இரண்டுக்கும் வயதாகிவிட்டது. அங்கே கடலும் நீ படிக்கிற பறவைகளும் எப்படி இருக்கின்றன என்று பிறகு கேட்கிறேன், உன் தலை எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் திரை வெளிச்சம் உன் கண்ணைக் குத்துகிறது என்றாய், காகிதம் குத்தாது, திரைச்சீலையை இழுத்துவிட்டு ஜன்னலோரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள். இன்று கடைக்கு விடுமுறை, அப்பா தூங்குகிறார், எனக்கும் யோசித்து எழுத நேரம் இருக்கிறது.

உன் கேள்வியைத் திருப்பி எழுதுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பார். அங்கே தலைவலி மருத்துவர் நான் போட்டுக்கொள்கிற அதே ஊசியை உனக்கும் போடலாம் என்று டிசம்பரில் நாள் கொடுத்திருக்கிறார். உன் அறைத்தோழி மேவ், புள்ளியியல் படிக்கிறவள், ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'மாசத்துக்கு ரெண்டு நாள் வலி குறையும், அவ்ளோதான்டி வித்தியாசம், மீதியெல்லாம் நம்பிக்கை' என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாளுக்காகத் தலை முழுக்க ஊசி குத்திக்கொள்வதற்குப் பதில் படிப்பையே விட்டுவிடலாம், கிறிஸ்துமஸுக்கு ஒரேயடியாக ஊருக்கு வந்து அப்பாவோடு கடையில் நிற்கிறேன் என்கிறாய் நீ. அப்புறம், 'அம்மா, உனக்கு அது நெஜமாவே வேலை செஞ்சுதா, இல்ல செய்யுதுன்னு நம்பினதால செஞ்சுதா' என்று கேட்டாய். நல்ல கேள்வி, பதினேழு வருடமாக நானும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ வருவதாகச் சொன்னதைக் கேட்ட மறுநாள் காலையில், அப்பா துவைத்து இஸ்திரி போட்ட உன் பழைய கடை ஏப்ரன் ஆணியில் தொங்கியது.

நீ பாலர் பள்ளிக்குப் போன வருடம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது, உன்னை அழைத்துப்போக வரும்போது அங்கிருந்த ஆசிரியை, அக்காவா என்று கேட்பாள். மாதத்தில் பாதிக்கு மேல் தலைவலி. படுக்கையறை ஜன்னல் கதவை மூடிவிட்டு, போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு, நீ பக்கத்து அறையில் பொம்மையிடம், 'உஷ், அம்மா தலைக்குள்ள யாரோ சுத்தியல் அடிக்கிறாங்க' என்று சொல்வதைக் கேட்டபடி படுத்திருப்பேன். எத்தனையோ மாத்திரை, எத்தனையோ எண்ணெய். அப்போதுதான் நகரத்து மருத்துவமனையில் டாக்டர் சென்குல், புதிதாக ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டார். போட்டுலினம் நஞ்சை மிகச் சிறிய அளவில் நெற்றி, காதோரப் பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று முப்பத்தோரு இடத்தில் குத்துவார்களாம். வீட்டில் வந்து சொன்னேன். தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, அந்த நஞ்சுக்குப் பெயரே, நாம் பன்றி இறைச்சியை அடைத்துச் செய்து விற்கிற சாசேஜின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். இருநூறு வருடத்துக்கு முன் நம் பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர், புகைபோட்ட இரத்தச் சாசேஜைத் தின்று கண்ணிமை தொங்கி, நாக்கு உலர்ந்து, மூச்சு அடங்கிச் செத்தவர்களைப் பற்றி எழுதிவைத்தார், தன் நாக்கிலேயே ஒரு சொட்டு வைத்தும் பார்த்தார், இது ஒருநாள் மருந்தாகலாம் என்றுகூட எழுதினார். நம் குடும்பத்தில் அந்தக் கதை பிள்ளைகளுக்குச் சொல்லும் பூச்சாண்டிக் கதை. தாத்தா சொன்னார், 'ஏம்மா பெட்டினா, மூணு தலைமுறையா இந்த விஷம் சாசேஜுக்குள்ள பூந்துடக் கூடாதுன்னு கிராம் கணக்கா உப்பு நிறுத்துப் போடுறோம், நீ அதைத் தேடிப் போய் நெத்தியில வாங்கிக்கப் போறியா? கடையில கேக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது, எங்க சாசேஜ்ல இல்ல, மருமக தலையிலதான் இருக்குன்னா?' அப்பா சிரித்தே விட்டார், பிறகு, 'அவ தலை அவளோடது, விடுங்கப்பா' என்றார். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவரும் சிரித்தார், 'உங்க மாமனார் சொல்றது சரி, அதே விஷம்தான். ஆனா உப்பு நிறுக்கிற ஆளுக்கு அளவு என்ன செய்யும்னு நான் சொல்லித்தரணுமா' என்றார். அதை வீட்டில் சொன்னதும் தாத்தா அடங்கிவிட்டார்.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நஞ்சு, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, குத்துகிற டாக்டருக்கும் தெரியாது. அப்படித்தான் நம்பிக்கையின் வேலையையும் மருந்தின் வேலையையும் பிரிக்க முடியும். ஆனால் இந்த ஊசிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு, அதை மேவும் படித்திருப்பாள். நிஜ மருந்தாக இருந்தால் இரண்டு வாரத்தில் நெற்றி சுருங்காது! எங்களோடு மார்லீஸ் என்று ஒரு பேருந்து ஓட்டுநர் இருந்தாள், வாயாடி. இரண்டாவது முறை காத்திருப்பு அறையில் கைக்கண்ணாடியை எடுத்து வரிசையாக எல்லோருக்கும் நீட்டினாள், 'எங்க, வரி கட்டச் சொல்லிக் கடுதாசி வந்த மாதிரி முழிங்க பாக்கலாம்' என்றாள். முழித்தோம். என் நெற்றி தேய்த்த மேஜைத்துணி மாதிரி அசையாமல் கிடந்தது. அவள் புருவம் இரண்டும் கூரை வரை ஏறின. 'போச்சுடி, எனக்கு உப்புத்தண்ணி, என்னை ஊறுகா போட்டிருக்காங்க' என்றாள். கதவருகே வந்து நின்ற டாக்டர் சென்குல் தலையில் கைவைத்துக்கொண்டார், 'அம்மாக்களா, நாலு வருஷமா உக்காந்து யோசிச்ச ஆராய்ச்சியை நாலு நிமிஷத்துல ஒரு கண்ணாடிய வெச்சு ஒடைக்கிறீங்களே' என்று கெஞ்சினார். ஆக, மேவ் சொல்கிற சந்தேகம் சரியானதுதான். நெற்றி அசையாதவள் 'எனக்கு நிஜ மருந்து' என்று தெரிந்துகொண்டு குணமாவதாக நினைத்துக்கொள்ளலாம். பெரிய ஆராய்ச்சிகளைக்கூடப் படிக்கும்போது இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் மார்லீஸுக்கும் குறைந்தது, உப்புத்தண்ணீர் என்று தெரிந்தும். வசந்தத்தில் என்னைவிட அவள்தான் தெளிவாக இருந்தாள். இலையுதிர் காலத்தில் அவள் தலைவலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. நம்பிக்கைக்கு மூச்சு சீக்கிரம் வாங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. பல வருடம் கழித்து ஒருமுறை நான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அடுத்த ஊசிக்கான மாதத்தைத் தவறாக நினைத்து, இன்னும் மருந்து இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்தேன், அந்த நிம்மதியைத் தலைவலி மதிக்கவே இல்லை, மூன்று மாதம் முடிந்ததும் வந்து கதவைத் தட்டியது. ஆனால் இதெல்லாம் ஒருத்தியின் கதை, ஒருத்தியின் கதையை நம்பி இன்னொருத்தி முகத்தில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. அதனால்தான் நான்காயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆராய்ச்சிகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் எழுதியதை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன், ஒருமுறை புரியவில்லை, மூன்றாம் முறை புரிந்தது. மாதத்தில் பாதி நாளோ அதற்கு மேலோ வலிப்பவர்களுக்கு உப்புத்தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு நாள் கூடுதலாகக் குறைகிறது. எப்போதாவது வலிப்பவர்களுக்கும், இறுக்கத்தால் வருகிற சாதாரணத் தலைவலிக்கும் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. ஆராய்ச்சிகள் எல்லாமே உறுதியானவையும் அல்ல. மேவ் எண்ணைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் அது சராசரி, அதற்குள் ஒன்றுமே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள், வாரக்கணக்கில் நாள் திரும்பக் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். நீ யார் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு முன் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சமையலறை நாள்காட்டியில் தலைவலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம், பொய் சொல்லாமல் போடு. கோடு பாதிக்குக் கீழே நின்றால் இந்த ஊசி உனக்கானது அல்ல, வேறு மருந்து கேள். வட்டம் அதிகமாக இருந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கிறது என்று அர்த்தம், நீ பெப்பர்மின்ட் மாதிரி வாயில் போட்டுக்கொள்கிறவள், எனக்குத் தெரியும். அழகு நிலையத்தில் இதே மருந்து போடாக்ஸ் என்ற பெயரில் சலுகை விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காதே, தலைவலி மருத்துவரிடம் மட்டும் போ. முதல் முறை ஒன்றும் ஆகாமல் போகலாம், இரண்டு மூன்று முறை பார், அப்போதும் இல்லையென்றால் வெட்கப்படாமல் நிறுத்து. கழுத்து கொஞ்ச நாள் துவளும், எனக்குச் சாசேஜ் தட்டைத் தூக்க முடியாமல் போனது. ஒருமுறை இடது இமை தொங்கிவிட்டது, தபால்காரர் நான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்து ஒரு வாரம் கடைக்குள் வராமல் வாசலிலேயே தபாலை வைத்துவிட்டுப் போனார். அப்பா அந்தக் கதையை இன்னும் கல்யாண வீடுகளில் சொல்கிறார்.

அப்பாவுக்கு வேறொரு குறை உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் காலையில் முதலில் என் நெற்றியைத்தான் பார்ப்பார், அதில் எத்தனை கோடு என்று பார்த்துத்தான் பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். ஊசி போட்ட பிறகு ஒருநாள் காப்பிக் கோப்பையோடு எதிரே உட்கார்ந்து, 'உன் நெத்தி ஊமையாயிடுச்சு பெட்டினா, கோவமா இருக்கியா, பசியா இருக்கியா, ஒண்ணும் தெரியல. இனிமே வாயைத் தொறந்துதான் சொல்லணும் நீ' என்றார். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், எதையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறவள், புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறவள். அன்றிலிருந்து சொல்லப் பழகினேன், இன்னும் நன்றாக வரவில்லை. உனக்கும் சொல்கிறேன், ரோன்யா. ஒரேயடியாக வராதே. உன்னை இந்தச் சமையலறையில், அந்த நாற்காலியில், தினமும் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதினால் இந்தக் காகிதம் போதாது, ஆனால் தலைவலி துரத்தி நீ வருவதை நான் பார்க்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு வா, திரும்பிப் போகும் டிக்கெட்டோடு வா. ஏப்ரனை நான் மடித்து உள்ளே வைத்துவிட்டேன், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, 'பறவைக்குப் படிச்சவ பன்னிக்கு எதுக்கு' என்றார், சம்மதம் என்று எடுத்துக்கொள்.

இப்போது அந்த இரண்டு நாள். மேவுக்கு அது ஒரு எண், எனக்கு அப்படி இல்லை, ஏனென்றால் இந்த நோய் நாம் சும்மா இருக்கும் நாளாகப் பார்த்து எடுத்துக்கொள்வதில்லை. பள்ளி விழாவில் நீ தவளை வேடம் போட்ட அன்று நான் போர்வைக்குள் இருந்தேன், நீ வந்து கட்டிலோரம் நின்று மெதுவாக, சத்தம் வராமல், ஒரே ஒரு முறை குதித்துக் காட்டினாய். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு அழுதாய். பழைய நானாக இருந்தால் அந்தத் திரையைப் பார்க்க முடியாமல் அப்பாவிடம் கொடுத்திருப்பேன், அவர் பதறி உடனே ஊருக்கு வந்துவிடு என்றிருப்பார். நான் கடைசி வரை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, கடல்காகம் ஒன்று உன் மதிய உணவைத் திருடியதைச் சொல்லிச் சிரிக்கிற வரைக்கும். அது அந்த இரண்டு நாளில் ஒன்று என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். இதை நிரூபிக்க முடியாது, மேவிடம் காட்டினால் சிரிப்பாள், சிரிக்கட்டும். ஆனால் அது நம்பிக்கையால் கிடைத்ததா மருந்தால் கிடைத்ததா என்று நீ கேட்டால், மருந்தால் என்றுதான் சொல்வேன். உனக்கும் அப்படி இரண்டு நாள் கிடைத்தால் அது எந்த நாளாக இருக்கும் என்று நினைத்துப் பார், பிறகு முடிவு செய்.

கடவுள் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், லேசாக வைக்கட்டும். காலைச் சாப்பாட்டை விடாதே, காற்றில் தொப்பி இல்லாமல் போகாதே. தாத்தா ஒரு செய்தி சொல்லச் சொன்னார், 'அங்க ஊசி போடுற டாக்டர் தராசைச் சரியா பாக்குறாரான்னு கேட்டுக்கோ.' நாள்காட்டியை டாக்டரிடம் எடுத்துப் போக மறக்காதே.

கோபம் வந்தாலும் நெற்றி சுருக்க முடியாத,
உன் அம்மா பெட்டினா